செத்த லைனில் குளிர் காய்ந்தவர்கள்

அன்று காலை மொட்டைப்பாறை கேட்டில் இருந்தவர்கள் இவர்கள்: கேட் கீப்பராகிய நான். சிக்னலுக்காக நின்றிருந்த சேலம் லோக்கலின் டிரைவர், அவருடைய பயர்மேன், வண்டியின் வால் பெட்டியில் கார்டு. பூக்காரி ரோசலி அக்கா. கல் உடைக்கப் போகும் மாரப்பன். மின்சார ஆபீஸ் கிளார்க் சம்பத். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்த தினசரிப் பயணிகள் ஒரு நாற்பது பேர். விசாரணையில் எழுதிக்கொண்டது இவ்வளவு பேரைத்தான். இன்னொருவரையும் நாங்கள் பார்த்தோம். அவரை எழுதிக்கொள்ளவில்லை.

புதிதாகக் கேட்டுக்கு வந்திருக்கும் தம்பிகளும் தங்கச்சிகளும் இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொடி எப்படிப் பிடிப்பது, போனில் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் பயிற்சியில் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கவலைப்படுவது. கேட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, குடிசைக்குள் போய் உட்கார்ந்த பிறகு, பூட்டினோமா என்று மறுபடி எழுந்து வருவேன். என் மனைவி சொல்வாள், "ஒரு நாளாச்சும் நீங்க சோத்தை முழுசா தின்னு நான் பாத்ததில்ல." அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நம் மாவட்டத்தின் கிழக்கே, சித்தேரி மலை நீலமாகத் தெரியும் பக்கத்தில் என் கேட். அதுவரை ஒற்றை லைன். காலை லோக்கல் அந்த லைனுக்கு ராஜா மாதிரி வரும். ஆலைக்குப் போகிறவர்கள், ஆபீஸ் போகிறவர்கள், பூக்காரர்கள், கீரைக்காரர்கள் எல்லாரும் அதில்தான் சேலம் போய் வருவார்கள். அதன் ஊதலைக் கேட்டு அடுப்பில் உலை வைக்கிற வீடுகள் இருந்தன.

பிறகு பக்கத்திலேயே இரண்டாவது லைன் போட்டார்கள். இரண்டு லைன் ஆகிவிட்டால் லோக்கல் பறக்கும் என்றார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். புது லைன் முடிந்ததும் எல்லா வண்டிகளையும் அதில் விட்டுவிட்டு, பழைய லைனைப் பிரித்துப் புதிதாகப் போட மூடினார்கள். சில மாதத்துக்கு மறுபடி ஒற்றை லைன்தான். ஆனால் புது லைன் வருகிறது என்ற தைரியத்தில் எக்ஸ்பிரஸ்களையும் கூட்ஸ்களையும் ஏற்கெனவே கூட்டிவிட்டார்கள். அவற்றுக்கெல்லாம் வழிவிட்டு நிற்கிற வேலை லோக்கலுக்கு வந்து சேர்ந்தது. தினமும் என் கேட்டுக்குப் பக்கத்தில், சிக்னலை ஒட்டி வந்து நின்றுவிடும். ஸ்டேஷனில் எதிர் வண்டி வந்து சேர்ந்தால்தான் சிக்னல் விழும். கால் மணி, அரை மணி, சில நாள் அதற்கும் மேல்.

உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்த ஜனங்கள் இறங்க ஆரம்பித்தார்கள். பக்கத்திலேயே மூடிய லைன், துருப்பிடித்த தண்டவாளம், உட்கார வசதியாக. செத்த லைன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதில் வரிசையாக உட்கார்ந்து தலை பின்னுவார்கள், பீடி குடிப்பார்கள், தூக்குப்போசியைத் திறந்து கேழ்வரகுக் களியைக் காலையிலேயே முடித்துவிடுவார்கள். மார்கழி வந்ததும் ஒரு பழக்கம் கூடிற்று. செத்த லைனின் நடுவே நெருப்பு மூட்டிக் குளிர் காய்வது. மேலூரிலிருந்து லைன் வழியாகவே நடந்து வந்து இங்கே ஏறுகிறவன் மாரப்பன். வரும் வழியில் கிடக்கிற சுள்ளி, உடைந்த பலகை எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருவான். வண்டி வந்து நிற்கும்போது அவன் மூட்டிய நெருப்பு தயாராக இருக்கும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. லைன் செத்தாலும் லைன் லைன்தானே? சொல்லிப் பார்த்தேன்.

"ஏனுங் கேட்டுக்காரரே, இந்த லைன்ல இனி என்னா வரும்? எங்க பாட்டன் வருவானா?" என்பான் மாரப்பன்.

"வந்தா வரட்டும்டா, அவுருக்கும் ஒரு பீடி குடு" என்பார் ரோசலி அக்கா.

ரோசலி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, முழங்கால் இரண்டும் போய்விட்டது. உட்கார்ந்துவிட்டால் தானாக எழுந்திருக்க முடியாது. "உக்காருறது என் வேலை, தூக்கறது உங்க வேலை" என்று சொல்லிவிட்டுத்தான் தண்டவாளத்தில் உட்காருவார். வண்டி நகரும்போது இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கவேண்டும். சம்பத் ஒரு கை, மாரப்பன் ஒரு கை. "கிரேன் கொண்டாங்கப்பா" என்று சம்பத் கத்துவார். "உங்கப்பன் வூட்டுக் கிரேனா, கூப்புட்டதும் வர?" என்று அக்கா திருப்பிக் கொடுப்பார். தினமும் அதே பேச்சு, தினமும் சிரிப்பார்கள்.

என் கவலை வேறொன்று. கேட்டுக்கு மேலே, பாறையைக் குடைந்து வழி போட்டிருந்த ஏற்றத்தில், செத்த லைனின் மேல் ஜல்லி ஏற்றிய மூன்று திறந்த வண்டிகளைக் கான்டிராக்டர் ஆட்கள் நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்ஜின் கிடையாது. அங்கிருந்து என் கேட்டு வரை சரிவு. ஒரு நாள் அவர்களுடைய மேஸ்திரி பீடிக்கு நெருப்புக் கேட்டு வந்தபோது விசாரித்தேன்.

"பிரேக்கு புடிச்சிருக்குதுங்க. சக்கரத்துக்குக் கட்டை குடுத்திருக்குது. நீங்க உங்க கேட்டைப் பாருங்க" என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் கவலைப்படாத விஷயம் என்று ஒன்று இருந்தால்தானே? அதனால் என் மனைவிகூட அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் காலையில் பனி அப்படி ஒரு பனி. மலையைக் காணோம், பாறையைக் காணோம். நின்றிருந்த வண்டியின் நாலாவது பெட்டிக்கு மேல் தெரியவில்லை. மீதிப் பெட்டிகளிலிருந்து பேச்சு மட்டும் வருகிறது, ஆள் இல்லாமல். கரி இன்ஜின் உஸ் என்று ஆவி விட்டுக்கொண்டே நிற்பதால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது. இன்ஜினுக்கு அடுத்த பெட்டிக்கு நேராக நெருப்பு. அதைச் சுற்றி ஜனம். ரோசலி அக்கா மலைப்பக்கம் முதுகைக் காட்டித் தண்டவாளத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் பூக்கூடையை வைத்திருந்தார்.

"வாங்க கேட்டுக்காரரே, கையைக் காட்டுங்க. மூஞ்சி ஏன் இன்னிக்கும் இழவு வூட்டுக்குப் போறாப்பல இருக்குது?"

நான் கையை நீட்டினேன். நெருப்புக்குள் பார்த்தேன். சுள்ளிகளுக்கு நடுவில் ஒரு மொத்தமான கட்டை. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்து, ஆப்பு மாதிரி செதுக்கியது. பாதி கரியாகிவிட்டது. கரியாகாத பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்.

"மாரப்பா, இது ஏதப்பா?"

"மேல கெடந்துச்சுங்க."

"மேல எங்க?"

"அந்த ஜல்லி வண்டிக்கு அடியில. சும்மாத்தான் சொருவியிருந்துச்சு. இழுத்ததும் வந்துட்டுது. நல்லா வேவுற கட்டைங்க, எண்ணெய் குடிச்சது."

பிரேக் பிடித்திருந்ததால் கட்டையில் பாரம் விழாமல் இருந்திருக்கிறது. அதனால்தான் இழுத்ததும் வந்தது. இனி அந்த மூன்று வண்டியையும் பிடித்துக்கொண்டிருப்பது பிரேக் மட்டும்.

குடிசைக்கு ஓடிப் போனை எடுத்துச் சுற்றினேன். ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வண்டி ஓடுதா?"

"தெரியலீங்க சார்."

"பாத்தியா?"

"பனிங்க சார். ஒண்ணும் தெரியல."

"அப்புறம் என்னய்யா? செத்த லைன்ல என்ன வரும்? எக்ஸ்பிரஸ் உள்ள வந்துட்டிருக்கு. அது வந்து நிக்கட்டும், ஆள் அனுப்பறேன். போனை வை."

அவர் மேல் நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் ஓடுகிற வண்டி இருந்தது. என் கையில் ஒரு பயம் மட்டும்தான்.

வெளியே வந்தேன். கேட்டில் ஒரு சாம்பல் நாய் உண்டு. தினமும் நெருப்பின் ஓரத்தில் சுருண்டு கிடக்கும். புது லைனில் எக்ஸ்பிரஸ் அலறிக்கொண்டு போனாலும் காதைக்கூட அசைக்காது. அது எழுந்து நின்றிருந்தது. மலைப்பக்கம், ஒன்றுமே தெரியாத வெள்ளைக்குள் பார்த்தது. குரைக்கவில்லை. வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு லைன் கரையிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது.

"எல்லாரும் எந்திரிங்க! லைனை விட்டு எந்திரிங்க!" என்று கத்தினேன்.

சிரித்தார்கள். "பாட்டன் வராருங்களா?" என்று ஒருவர் கேட்டார். "கேட்டுக்காரருக்கு இன்னிக்குக் காலைலயே ஏறிப்போச்சு" என்றார் சம்பத். ஒருவரும் அசையவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? எத்தனை நாளாக இதே கத்தலைக் கேட்டவர்கள்!

அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. இவர்கள் என் பேச்சுக்கு எழுந்திருக்க மாட்டார்கள். இன்ஜின் ஊதலுக்கும் எழுந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் டிரைவர் சிக்னல் கேட்டுத் தினமும் ஊதிக்கொண்டேதான் இருப்பார். அவர்கள் எழுவது ஒன்றுக்குத்தான். வண்டிச் சக்கரம் உருண்டால்.

இன்ஜினுக்கு ஓடினேன்.

"சார், வண்டியை நகத்துங்க."

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "சிக்னல் விழலையேய்யா."

"தெரியுங்க. விழாமயே நகத்துங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்ஜின் மூக்கு சிக்னல் கம்பத்தை ஒட்டி நின்றது. ஒரு முழம் நகர்ந்தாலும் சிவப்பைத் தாண்டியதுதான். அதற்கு என்ன தண்டனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன், கட்டை, நெருப்பு, ஜல்லி வண்டி.

அவரும் அதையேதான் கேட்டார். "பாத்தியா?"

'பார்த்தேன் சார், வருகிறது' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

"பாக்கலீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க சார்."

"உன் பயத்துக்கு நான் சிவப்பைத் தாண்டணுமா?"

"ஆமாங்க சார்."

அவர் திரும்பி, நெருப்பைச் சுற்றி இருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் பனியைப் பார்த்தார். "இங்கேருந்து ஸ்டேஷன் வாசல் வரைக்கும் காலியா இருக்குது. நாலு பெட்டி நீளம் போவேன். அதுக்கு மேல ஒரு அடி போவமாட்டேன்." பயர்மேனிடம், "நீ அந்தப் பக்கம் எறங்கி, யாரும் சக்கரத்துல விழாமப் பாத்துக்க" என்றார். பிடியை இழுத்தார்.

வண்டி நகர்ந்தது. அவ்வளவுதான். போசியை மூடுகிற சத்தம், திட்டு, செருப்பைத் தேடுகிற சத்தம், "ஏறுங்கய்யா, ஏறுங்க" என்று கூச்சல். நாற்பது பேரும் ஏறிவிட்டார்கள், பயர்மேனும் இன்ஜினோடு முன்னால் போய்விட்டார். சம்பத் ஓடிப் போய்க் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார். அன்றைக்கென்று அக்காவின் கை அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ரோசலி அக்கா மட்டும் நெருப்பருகில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் நீட்டியபடி.

"அட நாசமாப் போறவனுங்களா, என்னைத் தூக்குங்கடா!"

அப்போது எனக்குக் காலில் தெரிந்தது. காதுக்கு இன்னும் வரவில்லை. பாதத்துக்கு அடியில் தரை மெல்ல உறுமியது. நான் ஓடினேன். மாரப்பன் படிக்கட்டில் ஒரு கால் வைத்தவன், அக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதித்து வந்தான். ஆளுக்கொரு கையாகப் பிடித்தோம். அவன் வண்டிப் பக்கம் இழுத்தான்.

"அந்தப் பக்கம் வேண்டாம்! ஏத்த முடியாது! பள்ளத்துக்குத் தள்ளு!"

தூக்கவில்லை. உருட்டினோம். மூன்று பேரும் கரைச் சரிவில் கருவேலஞ்செடிகளுக்குள் போய் விழுந்தோம். விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

பனிக்குள்ளிருந்து வந்தன. முன்னால் விளக்கில்லை, ஊதலில்லை, புகையில்லை. ஜல்லியின் நனைந்த கறுப்பு முதலில் தெரிந்தது. ஓடுகிற வேகத்துக்குச் சத்தம் இருக்க வேண்டும், இன்ஜின் ஆவியில் அது அமுங்கிப்போயிருந்தது. நெருப்பை மிதித்தன. பொறி பறந்து மூன்று வண்டியின் வயிற்றையும் ஒரு கணம் சிவப்பாகக் காட்டியது. பூக்கூடை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

கடைசி வண்டியில், ஜல்லிக் குவியலின் மேல், ஒரு ஆள் இருந்தார். கோணிப்பையைத் தலைக்குப் போர்த்தியிருந்தார். ஒரு கையை உயர்த்திப் பிடித்திருந்தார், கார்டு கொடி காட்டுவாரே, அப்படி. எங்களைக் கடந்தபோது முகம் எங்கள் பக்கம் திரும்பியது. கண் இருந்ததா, மூக்கு இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பனி மூடிக்கொண்டது.

மூடியிருந்த என் கேட்டின் நடுவே போய், கீழே தண்டவாளம் பிரித்துப் போட்டிருந்த இடத்தில் வண்டிகள் மண்ணில் புதைந்து நின்றன. அந்த மோதல்தான் முதல் சத்தமாகக் கேட்டது.

ரோசலி அக்கா செடிக்குள் மல்லாந்து கிடந்தார். "மாதாவே, மாதாவே" என்று வாய் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "யாருங்க அந்த ஆளு? கையைத் தூக்கிக்கிட்டுப் போனாரே?"

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். மாரப்பனும் வந்தான். கவிழாமல் நின்ற வண்டிகளில் ஜல்லி அப்படியே இருந்தது. ஆள் இல்லை. கோணிப்பை இல்லை. சுற்றிலும் ஈர மண்ணில் கால் தடம் இல்லை. மாரப்பன் கையால் ஜல்லியைத் தோண்ட ஆரம்பித்தான். நான்தான் நிறுத்தினேன்.

பிறகு விசாரணை. கான்டிராக்டரின் ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். எல்லாரும் இருந்தார்கள். இரவில் மேலே யாரும் படுக்கவில்லை என்றார்கள். பிடித்திருந்த பிரேக் எப்படி விட்டது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. பிரேக் பிடி இருந்தது கடைசி வண்டியில். அந்த ஆள் உட்கார்ந்திருந்தார் என்று சம்பத் சொன்னார், நின்றிருந்தார் என்று நான் சொன்னேன், மண்டி போட்டிருந்தார் என்று அக்கா சொன்னார். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "பனியில என்னென்னமோ தெரியும்" என்றார். அத்தோடு அது முடிந்தது. பாறை குடைந்தபோது வெடியில் போன கூலி ஒருவர் உண்டு என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். நான் அதைக் கேட்கப் போகவில்லை. கேட்டிருந்தால் அப்புறம் அந்தக் குடிசையில் நான் எப்படி ராத்திரி டூட்டி பார்ப்பது?

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஆளை அல்ல. டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது என்று சொன்னதை வைத்துத்தான், எத்தனை தூரம் போகலாம் என்று அவர் கணக்குப் போட்டார். பார்த்தேன் என்று பொய் சொல்லியிருந்தால் பதறிப்போய் இன்னும் தூரம் இழுத்திருப்பார், முன்னால் எக்ஸ்பிரஸ் இருந்தது. உங்களுக்குப் பயம் வந்தால் அதைப் பயம் என்றே சொல்லுங்கள். அதற்கு மேல் சேர்க்கவும் வேண்டாம், வெட்கப்பட்டு விழுங்கவும் வேண்டாம். இன்னொன்று. உங்கள் கத்தலுக்கு ஓடுகிறவர்கள் ஓடிவிடுவார்கள். ஓட முடியாதவர் ஒருவர் எப்போதும் மிச்சம் இருப்பார். முதலில் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

சிவப்பைத் தாண்டியது தாண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். உயிர்களைக் காப்பாற்றியதை எழுதிக்கொண்டு, டிரைவருக்கு வேலையை விட்டுவைத்து, ஓர் ஆண்டு சம்பள உயர்வை மட்டும் வெட்டினார்கள். அதற்குப் பிறகும் அவர் சிக்னலில் நிற்கும்போது என்னைப் பார்த்தால், "இன்னிக்கு என்னய்யா பயம்?" என்று கேட்பார்.

ரோசலி அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "நம்ம உசுருக்கு அந்த மனுசன் வூட்டுச் சோத்தைக் கொறைக்கறதா?" என்று வண்டிக்குள் எழுந்து நின்று கேட்டார். எழுந்திருக்கவே இரண்டு பேர் பிடித்தார்கள். டிரைவருக்கு வெட்டிய தொகை முந்நூறு ரூபாய் என்று சம்பத் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆளுக்குக் கொஞ்சமாக மாதா மாதம் சேர்த்து, என் கேட்டில் வண்டி நிற்கும்போது டிரைவரிடம் நான் கொடுப்பது என்று பேச்சு. முதலில் அவர் வாங்க மறுத்தார். "வாங்கலேன்னா நான் இங்கயே தண்டவாளத்துல உக்காந்துருவேன், யார் தூக்குவீங்க?" என்று அக்கா மிரட்டியதும் வாங்கிக்கொண்டார்.

சில மாதம் நடந்தது. அதற்குள் பழைய லைனும் புதிதாகித் திறந்துவிட்டது. இரண்டு லைனிலும் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. ஒரு லைனில் போகிறதா, இன்னொன்றில் வருகிறதா என்று தெரியாமல் என் கவலை இரண்டு மடங்காயிற்று. லோக்கல் பறக்கவில்லை. வேகமான வண்டிகளுக்கு நடுவில் அதற்கு இடமில்லை என்று முதலில் நேரத்தை மாற்றினார்கள். ஆலை மணி அடித்த பிறகு சேலம் போய்ச் சேருகிற வண்டியில் யார் ஏறுவார்கள்? ஆலை ஆட்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். ஆள் குறைவு என்று காரணம் காட்டி, நம் ஸ்டேஷன்களில் அது நிற்பதை நிறுத்தினார்கள். பிறகு வண்டியையே நிறுத்தினார்கள். சம்பத் மாற்றலாகிப் போனார். மாரப்பன் ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். அந்த நாற்பது முகங்களும் ஒரே இடத்தில் சேருகிற காலை என்று பிறகு ஒன்று வரவில்லை. டிரைவரை எந்த டிப்போவுக்கு மாற்றினார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

ரோசலி அக்காவைக் கடைசியாகக் காரிமங்கலம் சந்தையில் பார்த்தேன். பஸ் படியில் ஏற முடியாததால் சேலம் வியாபாரத்தை விட்டுவிட்டு, சந்தை வாசலில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கண்டதும் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது நலம் விசாரிப்பு அல்ல.

"அந்த மனுசனுக்கு முழுசாக் குடுத்தாச்சுங்களா?"

இல்லை என்றேன். அவர் பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "இன்னும் எவ்வளவுங்க?"

நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.